ஷீட்டை எடுக்காதீங்க மேடம்

ஜூன் மாதம் கல்லூரி திறந்து பத்து நாள் ஆனதும் துறைக் கூட்டத்தில் யாராவது ஒருவர் அதைச் சொல்லிவிடுவார்: "இந்த வருஷம் வந்திருக்கிற பசங்க ஒண்ணுக்கும் தயாரா இல்லை." நான் வேலைக்குச் சேர்ந்த எண்பதுகளில் ஸ்லைடு புரொஜெக்டரைக் காட்டி இதைச் சொன்னார்கள். பிறகு ஓவர்ஹெட் புரொஜெக்டரான ஓ.எச்.பி.யைக் காட்டி, கம்ப்யூட்டரைக் காட்டி, கூகுள் மீட்டைக் காட்டிச் சொன்னார்கள். இப்போது ஸ்மார்ட் போர்டு. இத்தனை கருவி வந்து போயும் அந்த வாக்கியத்தில் ஒரு சொல்கூட மாறவில்லை.

காவிரிப் பாசன ஊர் ஒன்றில் அரசு கலைக் கல்லூரியில் இயற்பியல் நடத்தி 2018ல் ஓய்வு பெற்றவள் நான். டைம்டேபிள் போடும்போது மற்றவர்கள் தள்ளிவிடும் முதலாண்டு வகுப்பை நான் கேட்டு வாங்கிக்கொள்வேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: கருவியைக் கையாள்வதில் நம் பிள்ளைகள் எந்தக் காலத்திலும் பின்தங்கியதில்லை. இரண்டு வாரம் போதும், நமக்கே கற்றுக்கொடுப்பார்கள். ஆனால் பள்ளிக்கூடம் அவர்களை ஒரே ஒரு வேலைக்குத்தான் பழக்கி அனுப்பியிருக்கும். சொல்வதை எழுதிக்கொள்கிற வேலை. வகுப்பறைக்கு எந்தக் கருவி வந்தாலும் அது கடைசியில் நோட்ஸ் கொடுக்கிற கருவியாக மாறிப்போனது அதனால்தான்.

எங்கள் பக்கத்தில் முதலாண்டு என்று பேச்செடுத்தால் ராமானுஜன் வராமல் இருக்க மாட்டார். 1904ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு, பட்டப் படிப்புக்கு முந்தைய எஃப்.ஏ. வகுப்பில் சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறு எதையும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆங்கிலத்தில் தோற்றார், உதவித்தொகை போயிற்று. அவர் கையிலிருந்த கருவி சிலேட்டு. தாள் வாங்கக் கட்டுப்படியாகாது. போட்டதை முழங்கையால் அழித்துக்கொண்டே போய், முடிவை மட்டும் நோட்டில் ஏற்றுவாராம். அவரை வைத்து மற்றவர்களை அளக்க முடியாதுதான். ஆனால் முதலாண்டில் அவரைக் கவிழ்த்தது எதுவோ, அதுவேதான் அடுத்த நூறு வருஷமும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளைக் கவிழ்த்தது. ஆங்கிலம்.

அதைச் சரிசெய்ய அரசு எடுத்த முதல் பெரிய முயற்சி 1960ல். கோவை அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. பாடங்களைச் சோதனையாகத் தமிழில் நடத்தினார்கள். புத்தகம் வேண்டுமே, கல்லூரிப் பாடநூல்களைத் தமிழில் எழுத வைத்து அரசே வெளியிட்டது. அந்த வரிசையில் வந்த இயற்பியல் நூல்கள் சில எங்கள் நூலகத்திலும் இருந்தன. நல்ல நூல்கள், எடுத்துப் படித்தவர்கள்தான் குறைவு. தேர்வில் ஆங்கிலம், வேலைக்கு ஆங்கிலம் என்றிருக்கும்போது அறிவியல் மாணவன் தமிழ்ப் புத்தகத்தைத் தொடத் தயங்கினான்.

நான் 1976ல் பி.யூ.சி. சேர்ந்தேன். இன்றைய பிள்ளைகளுக்கு அந்த மூன்றெழுத்தை விளக்க வேண்டும். பதினோராம் வகுப்போடு பள்ளி முடியும். அதன்பின் கல்லூரிக்குள்ளேயே ஒரு வருஷம், பட்டப் படிப்புக்கு முன்னால். பள்ளியில் தமிழில் படித்த விசையும் முடுக்கமும் முதல் வாரமே ஃபோர்ஸும் ஆக்சலரேஷனும் ஆகிவிட்டன. கேலரி வகுப்பு, படிப்படியாக ஏறும் பெஞ்சு, கீழே மேடையில் பேராசிரியர், பின்னால் நீளக் கரும்பலகை. மைக் கிடையாது. பின்வரிசைக்குப் பாதிதான் கேட்கும். கேட்ட பாதியும் ஆங்கிலம்.

அந்த வருஷத்தின் உண்மையான சோதனை ஆய்வகத்தில் இருந்தது. பிசிக்கல் பேலன்ஸ் என்று ஒரு தராசு. கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும். குமிழைத் திருகினால் தண்டு மெல்ல எழும்பிக் கத்திமுனையில் உட்காரும். முள் இடமும் வலமும் ஆடும். அது நிற்கும்வரை காத்திருக்கக் கூடாது. ஆடும்போதே திரும்பும் இடங்களைக் குறித்து, அவற்றின் சராசரியிலிருந்து முள் எங்கே நின்றிருக்கும் என்று கணக்கிட வேண்டும். எடைகளை விரலால் தொட்டால் டெமான்ஸ்ட்ரேட்டர் கத்துவார். விரல் ஈரம் பட்டால் எடை மாறிவிடும், இடுக்கியால்தான் எடுக்க வேண்டும். மில்லிகிராம் எடைகள் மூலை மடித்த தகடுகள். மூச்சு விட்டால் பறக்கும். நெல் மூட்டைத் தராசைத் தவிர வேறு தராசு பார்த்திராத பிள்ளைகள் ஒரு மாதத்தில் இதைப் பிடித்துக்கொண்டார்கள். கிளார்க் டேபிளில் மடக்கை பார்ப்பதும் அப்படியே. கை சொன்னபடி கேட்டது.

கேட்காதது வேறு. ரெக்கார்டு நோட்டில் எழுத வேண்டிய 'புரொசீஜர்' முந்தைய வருஷத்து அக்காவின் நோட்டிலிருந்து எழுத்துக்கு எழுத்து இறங்கும். தராசை அருமையாகக் கையாண்ட பெண், தான் என்ன செய்தாள் என்பதைத் தன் சொல்லில் இரண்டு வரி எழுதத் திணறினாள். ரீடிங் தப்பாக வந்தால் திரும்பச் செய்து பார்க்க மாட்டாள். அக்காவின் ரீடிங்கைப் போட்டுவிடுவாள். பரிசோதனை செய்து பார்ப்பதற்கும் விடை எழுதுவதற்கும் சம்பந்தமில்லை என்று பள்ளி அவளுக்கு ஏற்கெனவே சொல்லிக்கொடுத்திருந்தது.

1978ல் மேல்நிலைக் கல்வி வந்தது. பி.யூ.சி. கல்லூரியை விட்டுப் போய், பிளஸ் ஒன், பிளஸ் டூ என்று பள்ளிக்குள் நுழைந்தது. நல்ல மாற்றம் என்றே எல்லாரும் சொன்னார்கள். கிராமத்துப் பெண்பிள்ளைகளைப் பொறுத்தவரை நானும் அப்படித்தான் சொல்வேன். பக்கத்து ஊர்ப் பள்ளியிலேயே ஒரு வருஷம் கூடுதலாகப் படிக்க முடிந்தது. ஆனால் கல்லூரியின் வாசற்படியாக இருந்த ஒரு வருஷம் காணாமல் போயிற்று. பி.யூ.சி.யில் தடுமாறினாலும் தடுமாறுவது கல்லூரிக்குள் நடந்தது. சுற்றிலும் லைப்ரரி, லேப், மூத்த மாணவர்கள். பிளஸ் டூ அந்த வருஷங்களைப் பொதுத்தேர்வின் கையில் கொடுத்தது. கைடு, ஒரு மதிப்பெண் கேள்வி, புளூபிரிண்ட், 'இம்பார்ட்டன்ட்'. எண்பதுகளின் நடுவில் என் முதல் வகுப்பில் நியூட்டனின் குளிர்தல் விதியைச் சொல்லி முடித்ததும் முன்பெஞ்சு மாணவன் கேட்டான்: "மேடம், இது அஞ்சு மார்க்கா, பத்து மார்க்கா?"

வகுப்பறைக்குள் மின்சாரக் கருவி என்று ஒன்று பெரிய அளவில் வந்தது அதே காலத்தில்தான். 1983 ஆகஸ்டில் இன்சாட் 1பி விண்ணுக்குப் போயிற்று. மறு வருஷம் ஆகஸ்ட் 15 முதல் பல்கலைக்கழக மானியக் குழு தூர்தர்ஷனில் கல்லூரி மாணவர்களுக்காக 'கன்ட்ரிவைடு கிளாஸ்ரூம்' நிகழ்ச்சியைத் தொடங்கியது. நோக்கம் உயர்வானது. சின்ன ஊர்க் கல்லூரி மாணவனும் நாட்டின் நல்ல ஆசிரியர்களைப் பார்க்க வேண்டும். எங்கள் கல்லூரியில் டயனோரா டிவி ஒன்று மரப் பெட்டிக்குள் பூட்டு போட்டு வைக்கப்பட்டிருந்தது. சாவி அலுவலகக் கண்காணிப்பாளரிடம். நிகழ்ச்சி பகலில் வரும், எங்களுக்கு அப்போது பிராக்டிகல். சாவி கிடைத்து, ஆன்டெனா திருப்பி, படம் நிலைகொள்வதற்குள் பாதி ஓடியிருக்கும். டால்பின்களைப் பற்றியோ பருவமழையைப் பற்றியோ அழகான படங்கள். மேலே வேகமான ஆங்கிலம். பாடத்திட்டத்தில் இல்லாததால் எதையும் எழுதிக்கொள்ள வேண்டியதில்லை என்று பிள்ளைகளுக்குத் தெரிந்துவிட்டது. நோட்டை மூடிவிட்டு வெறுமனே பார்த்தார்கள். எனக்குப் பிடித்ததே அதுதான். ஒரு படம் முடிந்ததும், "மேடம், சாட்டிலைட் கீழே விழாம எப்படி நிக்குது?" என்று ஒரு பெண் கேட்டாள். அந்த செமஸ்டரில் மதிப்பெண்ணைக் குறிக்காமல் எனக்கு வந்த கேள்வி அது ஒன்றுதான். டிவி பெட்டி திறந்து நன்றாகப் பயன்பட்டது 1987 உலகக் கோப்பையின்போது. அதற்கு யாரும் சாவி தேட வேண்டியிருக்கவில்லை.

ஓ.எச்.பி. தொண்ணூறுகளில் வந்தது. அதன் சங்கதியைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும், ஏனென்றால் முதலாண்டு மாணவனின் கை எப்படிப்பட்டது என்று எனக்குக் காட்டிக்கொடுத்தது அந்தப் பெட்டிதான். மேல்பக்கம் கண்ணாடி, அடியில் பல்பு, கழுத்து நீட்டிய ஒரு லென்ஸ். விசிறி இரையும். பல்பு போனால் மாற்றுப் பல்புக்குக் கொட்டேஷன் வாங்கி, கையெழுத்து வாங்கி, வந்து சேர ஒரு பருவம் ஆகும். ஜன்னலுக்குத் திரை கிடையாது, பழைய போர்வை கட்டுவோம். முந்தின ராத்திரி நான் டிரான்ஸ்பரன்சி ஷீட்டில் மார்க்கரால் கதிர்ப்படம் வரைவேன்: குவிவில்லை, பொருள், பிம்பம். ஒரு வெள்ளைத் தாளால் மூடிவைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகக் கீழே இழுக்க வேண்டும் என்பது பயிற்சி வகுப்பில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த உத்தி. பொருளை நகர்த்தினால் பிம்பம் எங்கே போகும் என்று பிள்ளைகளே ஊகிக்கட்டும் என்பது என் எண்ணம்.

யாரும் ஊகிக்கவில்லை. விளக்கை அணைத்ததும் அறுபது தலையும் குனிந்தது. எழுதுகிற சத்தம் மட்டும். நான் விளக்கிக்கொண்டே ஷீட்டை மாற்றப் போனால் ஒரே குரல்: "ஷீட்டை எடுக்காதீங்க மேடம்!" படத்தில் அம்புக்குறி எந்தப் பக்கம் என்பதைக்கூடப் பார்க்காமல், நிறம் உட்பட அப்படியே இறக்கினார்கள். ஒரு மாணவன் என் மார்க்கர் கசிந்து விழுந்த புள்ளியையும் சேர்த்து வரைந்திருந்தான். கரும்பலகையில் எழுதும்போது இவ்வளவு மோசமில்லை. நான் எழுதுகிற வேகத்தில் அவர்களும் எழுதுவார்கள், நான் அழித்துத் திருத்தினால் அவர்களும் திருத்துவார்கள், நடுவில் தலை தூக்கிப் பார்க்க நேரமிருக்கும். ஷீட் எல்லாவற்றையும் முடித்தே கொண்டுவந்து வைத்தது. சில சக ஆசிரியர்களுக்கு அது வசதியாகப் போயிற்று. "போர்ஷன் சீக்கிரம் முடியுது" என்றார்கள். ஷீட்டுகளை ஜெராக்ஸ் கடையில் கொடுத்துவிட்டால் வகுப்பே வேண்டாம் என்று நான் வாய்தவறிச் சொன்னேன்; அடுத்த வருஷமே கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடையில் எங்கள் துறை நோட்ஸ் கட்டுக் கட்டாக விற்பனைக்கு வந்துவிட்டது.

கம்ப்யூட்டர் லேப் திறந்தபோது வேறொன்று நடந்தது. ஏ.சி. போட்ட அறை, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். ஃபாக்ஸ்புரோ கற்றுக்கொடுக்கத் திட்டம். முதலாண்டுப் பிள்ளைகள் விசைப்பலகையைப் பார்த்து மிரள்வார்கள் என்று எதிர்பார்த்து, அதற்கென்றே இரண்டு வாரம் ஒதுக்கியிருந்தோம். மிரண்டது பெரும்பாலும் பையன்கள்தான். பெண்பிள்ளைகளில் பாதிப் பேர் உட்கார்ந்த மாத்திரத்தில் பத்து விரலையும் வைத்துத் தட்டினார்கள், கீழே பார்க்காமல். பிளஸ் டூ தேர்வு முடிந்த விடுமுறையில் அவர்கள் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் போயிருந்தார்கள்.

தமிழ்நாட்டுக் கல்வி வரலாறு எழுதுகிறவர்கள் இந்த இன்ஸ்டிட்யூட்டுகளைக் கண்டுகொள்வதே இல்லை. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் மாடியில் ஒரு நீளக் கூடம், வரிசையாக ரெமிங்டன் மெஷின்கள், காலை ஆறு மணிக்கே தொடங்கும் சடசடப்பு. ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே எச் ஜே என்று முதல் வாரம் முழுக்க அடிக்க வேண்டும். தொழில்நுட்பக் கல்வித் துறை நடத்தும் தேர்வு; லோயருக்கு நிமிஷத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45. தேர்வு நாளில் மெஷினையே வண்டியில் ஏற்றி மையத்துக்குக் கொண்டுபோவார்கள். "ஒரு லோயராவது முடிச்சு வெச்சா கவர்மென்ட் வேலைக்கு ஆகும்" என்று அப்பாமார்கள் அனுப்பினார்கள். கம்ப்யூட்டர் யாருடைய கணக்கிலும் இல்லை. ஆனால் எங்கள் லேபுக்கு ஆள் தயாரித்துக் கொடுத்தது பல்கலைக்கழகமோ மேல்நிலைப் பள்ளியோ கிடையாது, மாதம் சொற்பக் கட்டணம் வாங்கிய அந்த மாடிக் கூடங்கள்தான். அங்கே நோட்ஸ் என்று எதுவும் இல்லாததும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். தப்பாக அடித்தால் தப்பு தாளில் தெரியும். திரும்ப அடிப்பதைத் தவிர வழியில்லை.

இதற்கு நேர் எதிரான கதை பள்ளிக் கம்ப்யூட்டர் சயின்ஸ். 2000களின் நடுவிலிருந்து பத்தாண்டுக்கும் மேலாகப் பிளஸ் டூவில் ஸ்டார் ஆஃபீசும் சி பிளஸ் பிளஸ்ஸும் பாடம். இலவச மென்பொருளைத் தேர்ந்தெடுத்தது நல்ல யோசனை என்றே இன்றும் சொல்வேன். ஆனால் பத்துப் பேருக்கு ஒரு மெஷின் இருந்த பள்ளிகளில் அதை மனப்பாடம் செய்யத்தான் முடிந்தது. எந்த மெனுவில் எந்தக் கட்டளை, எந்தக் குறுக்கு விசை எதைச் செய்யும் என்பதெல்லாம் ஒரு மதிப்பெண் கேள்வி. அப்படி 200க்கு 190 வாங்கிய மாணவி என் லேபில் ஃபைலைச் சேமிக்கத் தெரியாமல் நின்றாள். எப்படிச் சேமிப்பது என்று கேட்டால் படிகளை வரிசை தப்பாமல் ஒப்பித்தாள். மவுசைக் கையில் கொடுத்தேன், ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொண்டுவிட்டாள்.

2011 செப்டம்பர் 15ஆம் தேதி, திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். முதல் வருஷத்துக்கு மட்டும் 9 லட்சத்துக்கும் அதிகமான மடிக்கணினிகள், கொள்முதல் செய்தது அரசு நிறுவனமான எல்காட். அதுவரை இந்தியாவில் வேறெந்த மாநிலமும் இந்த அளவில் யோசித்ததில்லை. கேலி பேசியவர்கள் அதிகம். நான் அந்தக் கூட்டத்தில் இல்லை. வீட்டில் இரண்டு ஸ்டீல் டிரங்குப் பெட்டியைத் தவிர வேறு உடைமை இல்லாத குடும்பத்தில் ஒரு பெண்ணின் பெயருக்கு ஒரு கருவி வந்தது சாதாரண விஷயமில்லை. அது எத்தனை நாள் அவள் கையில் இருந்தது என்பது வேறு விஷயம். "அண்ணன் எடுத்துக்கிட்டான் மேடம்" என்று சொன்ன பெண்கள் என் வகுப்பில் உண்டு. செல்போன் ரீசார்ஜ் கடைகளில் படம் ஏற்றிக்கொள்ளும் வியாபாரம் அந்த வருஷம்தான் செழித்தது.

ஆனால் கேலி பேசியவர்கள் யாரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. மடிக்கணினி வந்த அதே வேளையில்தான் மின்வெட்டு உச்சத்துக்குப் போனது. 2012ல் சென்னைக்கு வெளியே நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல்கூட மின்சாரம் இல்லாமல் இருந்தோம். ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தால் எழுந்து சார்ஜ் போட்டுவிட்டுப் படுக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். காலையில் கல்லூரிக்கு எடுத்து வருவார்கள், மதியத்துக்குள் பேட்டரி இறங்கிவிடும். எங்கள் வகுப்பறையில் இருந்தது ஒரே ஒரு பிளக் பாயின்ட், அதுவும் மேடைக்குப் பக்கத்தில், ஆசிரியருக்காக. கொஞ்ச நாளில் பையைத் தூக்கி வருவதையே நிறுத்திவிட்டார்கள். மாணவர்கள் தயாராக இல்லை என்று எழுதப்பட்ட ஒரு ஆய்வறிக்கையை அந்தச் சமயத்தில் என்னிடம் திருத்தக் கொடுத்தார்கள். பிளக் பாயின்ட் பற்றி அதில் ஒரு வரி இல்லை.

அதன்பின் வந்தவை வேகமாக வந்தன. எல்.சி.டி. புரொஜெக்டர், ஸ்மார்ட் போர்டு, எல்லார் கையிலும் ஆண்ட்ராய்டு போன். எழுதும் சத்தம் நின்று கிளிக் சத்தம் வந்தது. ஸ்லைடு மாறுவதற்குள் கைகள் உயரும், போட்டோ எடுத்ததும் இறங்கும். பிறகு அதுவும் தேவைப்படவில்லை. "பிபிடியை குரூப்ல போட்டுடுங்க மேம்" என்றார்கள், பாடம் தொடங்கும் முன்பே. இதில் நல்லதும் ஒன்று நடந்தது. ஆங்கிலம் புரியாத பிள்ளைகள் வீட்டுக்குப் போய் யூடியூபில் தமிழில் அதே பாடத்தைத் தேடிப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஐ.ஐ.டி.கள் 2003 முதல் நடத்திவரும் என்.பி.டெல் காணொளிகளை நான் பரிந்துரைத்தால், அதைவிட்டு ஏதோ ஒரு டியூஷன் வாத்தியார் தமிழில் கரும்பலகையில் விளக்கியதைக் கண்டுபிடித்து வருவார்கள். 1960ல் புத்தகத்தால் முழுதாக முடியாததை இவர்கள் தாங்களாகவே முடித்துக்கொண்டார்கள்.

கொரோனா வந்தபோது நான் ஓய்வு பெற்றிருந்தேன். 2020ல் பிளஸ் டூ முடித்துக் கல்லூரி சேர்ந்த எதிர்வீட்டுப் பையன் தன் முதலாண்டின் பெரும்பகுதியை எங்கள் மொட்டைமாடியில் கழித்தான், அங்கேதான் சிக்னல். 2021 ஜனவரியில் அரசு கல்லூரி மாணவர்களுக்கு நாளைக்கு 2 ஜிபி டேட்டா இலவசமாகத் தந்தது. பிப்ரவரியில் கல்லூரி திறந்தது, மார்ச்சில் மறுபடி மூடியது. போன் அவன் அப்பாவுடையது என்பதால் மீட்டில் அப்பா பெயர்தான் தெரியும். வருகைப் பதிவின்போது ஆசிரியை அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட, இவன் "எஸ் மேம்" என்பான். கேமரா அணைந்தே இருக்கும். அவள் பேசுவது பதிவாகிக்கொண்டிருக்கிறது என்ற தைரியத்தில் இவன் கேட்பதே இல்லை. 'ஷீட்டை எடுக்காதீங்க' என்று கத்த வேண்டிய அவசியம்கூட இல்லாமல் போயிற்று.

2025 மார்ச் பட்ஜெட்டில் இரண்டாண்டுக்குள் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ வழங்குவதாக அரசு அறிவித்தது. முதல் கட்டத்துக்கு 2,000 கோடி ரூபாய். வரவேற்கிறேன். முதலாண்டு எடுக்கும் இளைய ஆசிரியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: பிபிடியை வகுப்பு முடிந்து, மாணவர்கள் தாங்கள் கேட்டதைத் தங்கள் சொல்லில், தமிழிலானாலும் சரி, அரைப் பக்கம் எழுதிக் கொடுத்த பிறகு அனுப்புங்கள். முதல் மாதம் முனகுவார்கள், பிறகு எழுதிவிடுவார்கள். கல்லூரிக் கட்டடங்களுக்கு வரைபடம் போடும் பொதுப்பணித் துறைப் பொறியாளர்களிடமும் ஒன்று. சுவரோரம் பெஞ்சு வரிசைக்கு ஒரு பிளக் பாயின்ட் வையுங்கள்.